ஏழு துறைகளில் ஒரு பந்தயம்

துரை தமது தொப்பியைக் கழற்றி எங்களை நோக்கி உற்சாகமாக ஆட்டினார்.

நான் கரையில் நின்று இரு கைகளையும் உயர்த்தி அசைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் படகுக்கும் நடுவே கால் மைல் தண்ணீர் இருந்தது. அவருடைய தூண்டிலில் ஆள் உயர மீன் ஒன்று மாட்டியிருந்தது. அது நீரைவிட்டு எழும்பும்போதெல்லாம் அதன் செதில்கள் வெயிலில் வெள்ளித் தட்டுகளாகத் தெறித்தன. அந்தக் காட்சியைக் கண்டு நான் ஆரவாரம் செய்கிறேன் என்று அவர் எண்ணிக்கொண்டார். காற்று கடலிலிருந்து வீசியது. நான் கத்தியதெல்லாம் எனக்குப் பின்னால், காட்டுக்குள் போயிற்று.

எனக்குப் பின்னால் மணலில் அன்வர் தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இத்தொடரில் சென்ற வாரம் வரை என் கல்லூரி ஆண்டுகளைப் பற்றி எழுதிவந்தேன். இந்த வாரம் வேலூரில் இரசாயன ஆசிரியராகச் சேர்ந்த கதையைச் சொல்வதாக இருந்தேன். சென்ற மாதம் ஆம்பூரில் தோல் பதனிடும் தொட்டிகள் வைத்திருந்த மொகிதீன் சாயபு காலமானார். ஆகவே வரிசையை மீறுகிறேன்.

அன்வர் அவருடைய ஒரே மகன். என் பள்ளித் தோழன். அந்தக் கரையில் நடந்ததில் ஒரு பகுதியை நான் அந்தத் தகப்பனாரிடம் முப்பது ஆண்டுகள் சொல்லாமல் வைத்திருந்தேன். அதை எழுதாமல் இங்கே வேறு எதை எழுதினாலும் அது நேர்மையாகாது.

துவர்ப்பின் அளவு

எங்கள் பக்கத்தில் தோல் பதனிடுவது ஆவாரம்பட்டையால். பட்டையை இடித்துத் தொட்டி நீரில் ஊறவைத்தால் துவர்ப்பு இறங்கும். அந்தத் துவர்ப்பு தோலுக்குள் ஏறினால்தான் அது அழுகாமல் நிற்கும். நீரில் துவர்ப்பு கம்மியானால் தோல் கெடும், மிகுந்தால் வெடிக்கும். அளவை எப்படி அறிவது?

நாக்கால் அறிந்தார்கள். தொட்டி நீரை விரலில் தொட்டு, நாக்கின் நடுவில் வைத்து, வாயை மூடிப் பத்து எண்ணுவார்கள். பிறகு துப்பிவிடக் கூடாது. ஒரு மிடறாவது விழுங்கவேண்டும். "நாக்கு பொய் சொல்லும், தொண்ட சொல்லாது" என்பது சாயபுவின் வாக்கு. புதிய பட்டை வந்தாலும், கடுக்காய் மூட்டை வந்தாலும், யாராவது எங்கிருந்தாவது அறியாத விதை ஒன்றைக் கொண்டுவந்தாலும், முதலில் அது அந்த வீட்டு ஆண்களின் வாய்க்குள் போகும். தன் பாவாவிடம், அதாவது தகப்பனாரிடம், அன்வர் அந்தப் பழக்கத்தை ஏழு வயதில் கற்றான்.

பிற்காலத்தில் சென்னையில் நான் படித்தது வேறு வழி. அன்னபேதி என்னும் இரும்பு உப்பின் கரைசலை இரண்டு சொட்டு விட்டால், துவர்ப்புள்ள நீர் கறுக்கும். கறுப்பின் ஆழத்தைக் கொண்டு அளவைச் சொல்லலாம். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய நம் முன்னோருக்கு இது புதிதல்ல. ஆனால் நான் அதைப் புதிதாகக் கண்டுபிடித்தவனைப் போலச் சட்டைப் பையில் ஒரு குப்பியுடன் அலைந்தேன்.

"இன்னா வாத்தியாரே, உன் குப்பி ரொட்டில உப்பு பாக்குமா?" என்பான் அன்வர்.

"பார்க்காது."

"அப்ப என் நாக்கே ஒஸ்தி."

திவிதிவிக் காய்

ஆவாரம்பட்டை கிடைப்பது அந்த ஆண்டுகளில் அருகிவந்தது. கரீபியன் கடலோரத்தில் திவிதிவி என்றொரு மரம் உண்டு என்றும், சுருண்ட கட்டைவிரல் போன்ற அதன் காய் ஆவாரையைவிடப் பன்மடங்கு துவர்ப்புடையது என்றும் சாயபு கேள்விப்பட்டார். அதை வாங்கி அனுப்பும் வியாபாரி ஒருவருடன் கடிதப் போக்குவரத்து ஏற்பட்டது. நேரில் பார்த்துத் தேர்ந்தெடுக்க மகனை அனுப்பத் தீர்மானித்தார். ஆங்கிலம் தெரிந்த துணை வேண்டும். நான் ஆறு மாத விடுப்பு எடுத்துக்கொண்டேன்.

புறப்படும்போது சாயபு என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "வாத்தியாரே, அவன் வெளயாட்டுப் புள்ள, பாத்துக்கோங்க."

லண்டன் வழியாக டிரினிடாட் தீவை அடைந்தோம். வியாபாரி ஓர் ஆங்கிலேயர்; தொடக்கத்தில் தொப்பியை ஆட்டிய துரை அவர்தான். அவருக்குக் காய் வியாபாரம் சாக்கு, மீன்பிடிப்பே வாழ்க்கை. இரண்டு பாய்மரம் கொண்ட படகு வைத்திருந்தார். வெனிசுலாவின் வடகரையோரமாகத் துறை துறையாகச் சென்று காய் மூட்டைகளைப் பார்வையிடுவார். துறைக்கும் துறைக்கும் இடையில் சக்கரம் வைத்த மூங்கில் தூண்டில்களைப் பின்புறம் நட்டு, நீண்ட நூலைக் கடலில் இழுத்துக்கொண்டே போவார்.

பாலாற்றின் கரையில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு அது. அந்தக் கடலின் நீலத்தைக் கண்டு அன்வர் முதல் நாள் முழுவதும் படகின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தான். மாலையில், "இவ்ளோ தண்ணி. ஒரு தொட்டிக்கும் ஒதவாது. எல்லாம் உப்பு" என்றான். அது அவனுடைய வியப்பின் மொழி.

படகோட்டியின் பெயர் முனிசாமி. எங்களுக்கு முன் தலைமுறையில் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகக் கப்பலேறிய பெண் ஒருத்தியின் மகன். ஐம்பது வயது இருக்கும். உடைந்த தமிழ் பேசினார்.

"எங்க அம்மா ஊரு அணக்கட்டு. அது பெரிய பட்டணமா ஐயா?" என்று என்னைக் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் அன்வர் முந்திக்கொண்டான்: "பெரிய பட்டணம்ணே. வேலூர்க்காரனுங்க எல்லாம் வழி கேட்டுத்தான் உள்ள போவானுங்க."

முனிசாமியின் முகம் மலர்ந்தது. அணைக்கட்டு ஒரு சிற்றூர் என்று நான் திருத்தவில்லை.

பந்தயம்

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன்.

முதல் துறையில் இறங்கியபோது கரையில் பெயர் தெரியாத மரம் ஒன்று நின்றது. அன்வர் வழக்கம்போல அதன் பட்டையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டான். "ஆவாரைக்குப் பாதி" என்றான். நான் குப்பியை எடுத்துச் சோதித்தேன். ஏறக்குறைய பாதிதான். எனக்கு அது பிடிக்கவில்லை. படித்தவனின் அற்பமான ரோஷம் அது. வேறென்ன பெயர் சொல்வது?

"தற்செயல். துறைக்கு ஒரு மரம் நான் காட்டுகிறேன். நீ நாக்கால் சொல். நான் குப்பியால் பார்க்கிறேன். இரண்டும் ஒத்துப்போனால் நீ வென்றாய், இல்லாவிட்டால் நான்" என்றேன்.

பந்தயத்தை முன்மொழிந்தவன் நான். மரத்தைத் தேர்ந்தெடுப்பவனும் நான். தோற்றவர் அன்றைய மீனை ஆயவேண்டும் என்பது மட்டும் அவன் சேர்த்த நிபந்தனை.

மீனுக்குக் குறைவில்லை. வஞ்சிரமும் சீலாவும் நூலைப் பற்றிக்கொண்டு சக்கரத்தை அலறவைக்கும். இரண்டாம் துறையிலும் மூன்றாம் துறையிலும் நான் தோற்றேன். செதில் ஒட்டிய கைகளுடன் நான் படகின் விளிம்பில் குந்தியிருக்க, அன்வர் காலை நீட்டிக்கொண்டு, "வாத்தியாரே, வால் பக்கம் இன்னம் கொஞ்சம் பாக்கி இருக்கு. பட்டணத்துப் படிப்பு இதுக்கெல்லாம் சொல்லித் தரலியா?" என்பான். துரை காரணம் கேட்டார். சொன்னேன். அவரும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டார்.

நான்காம் துறையில் வென்றேன். ஐந்திலும் ஆறிலும் மறுபடி தோற்றேன். என் வாழ்க்கையில் அத்தனை மகிழ்ச்சியாகத் தோற்ற நாட்கள் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

ஏழாம் துறை

அது துறைகூட அல்ல. மூட்டைகள் வர ஒரு நாள் தாமதம் என்றார்கள். துரை அந்த வளைகுடாவில் பெரிய மீன்கள் திரிவதாகக் கூறி முனிசாமியுடன் படகிலேயே இருந்துவிட்டார். நாங்கள் இருவரும் சிறிய தோணியில் கரையேறினோம். அங்கே ஆள் நடமாட்டமே இல்லை. கரையிலிருந்து நான் முதன்முதலில் திரும்பிப் பார்த்தபோதே துரையின் தூண்டில் வளைந்திருந்தது.

நீரோரத்தில் வழவழப்பான இலைகளுடன் ஒரு மரம். அடியில் சின்ன நெல்லிக்காயைவிடச் சற்றுப் பெரிய, பச்சையும் மஞ்சளுமான பழங்கள் உதிர்ந்துகிடந்தன. நல்ல வாசனை.

"இது" என்று காட்டினேன்.

அவன் ஒரு பழத்தைத் துடைத்துக் கடித்தான். வாயை மூடிப் பத்து எண்ணினான். விழுங்கினான்.

"நீ தோத்த வாத்தியாரே. துவர்ப்பே இல்ல. இனிக்குது" என்று சிரித்து, மீதியையும் தின்றான். பிறகு இன்னொன்று. எனக்கும் ஒன்றை நீட்டினான். என் ஒரு கையில் கண்ணாடிக் குழாயும் மறு கையில் குப்பியும் இருந்தன. இல்லாவிட்டால் வாங்கியிருப்பேன்.

நான் ஒரு பழத்தைக் கல்லால் நசுக்கி நீரில் கரைத்துச் சோதித்தேன். நீர் கறுக்கவில்லை. அவன் வென்றான் என்று சொல்ல நிமிர்ந்தேன். அவன் முகம் மாறியிருந்தது.

"மொளகா மாதிரி இருக்கு" என்றான். கொஞ்ச நேரத்தில், "தண்ணி" என்றான். எங்களிடமிருந்த நீரைக் குடிக்க முயன்றான். இறங்கவில்லை. தொண்டை வெளியே தெரியும்படி வீங்கிற்று.

அவனைத் தூக்கித் தோணியில் கிடத்தி ஒருவனாகத் தள்ளிப் பார்த்தேன். அலை இரண்டு முறை எங்களைக் கரையிலேயே எறிந்தது. அதன் பிறகுதான் நான் நின்று கையசைத்தேன். துரை தொப்பியை ஆட்டினார். அவருடைய மீன் ஒரு மணி நேரத்துக்கு மேல் போராடிற்று. ஏதோ சரியில்லை என்று முதலில் உணர்ந்தவர் முனிசாமி. துரை உடனே நூலை அறுத்துவிட்டார் என்பதையும் எழுதவேண்டும்.

படகு நெருங்கியதும் நீந்திக் கரையேறிய முனிசாமி பழத்தைப் பார்த்தார். தொடவில்லை.

"ஐயோ, இந்த மரமா! மழ பேஞ்சாகூட இதுங்கீழ நிக்க மாட்டோம் ஐயா. எல தண்ணி பட்டாலே தோலு வெந்துடும்."

"ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கத்தினேன்.

"வாயில வெப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

அந்தக் கரையில் பிறந்த குழந்தைகூட அறியாததை வாயில் வைக்காது. அறியாததையெல்லாம் வாயில் வைத்து அறிந்த ஓர் ஊரிலிருந்து நாங்கள் போயிருந்தோம்.

இருவருமாகத் தோணியைத் தள்ளி அவனைப் படகில் ஏற்றினோம்; படகு அருகிலிருந்த ஊரை நோக்கித் திரும்பிற்று. அன்வரின் தலை என் மடியில் இருந்தது. குரல் போய்விட்டது, கண்கள் தெளிவாக இருந்தன. பொழுது சாயுமுன் மூச்சு நின்றது; மறுநாள் அந்தக் கடலோர ஊரிலேயே அடக்கம் செய்தோம். விரைவில் வந்திருந்தாலும் செய்வதற்கு ஒன்றும் இருந்திராது என்று டிரினிடாட் டாக்டர் பின்னர் என்னிடம் கூறினார். அவர் அன்புள்ள மனிதர்.

எந்தப் பக்கம்

ஆம்பூரில் சாயபுவை அவருடைய கடுக்காய்க் கிடங்கில் சந்தித்தேன். தந்தி முன்பே வந்திருந்தது. அவர் முதலில் கேட்டது: "மொகம் எந்தப் பக்கம் பாத்து வெச்சீங்க?"

"கிழக்கே பார்த்து. சற்றே வடக்குச் சாய்வாக."

"கெழக்கா?" என்று எழுந்துவிட்டார். நம் ஊரில் மக்கா மேற்கே இருக்கிறது. கபர்க் குழிகளெல்லாம் அதற்கேற்பவே அமைந்தவை.

மூட்டையிலிருந்து உருண்டையான கடுக்காய் ஒன்றைப் பொறுக்கி எடுத்தேன். இது பூமி, இது ஆம்பூர், இது மக்கா, அவன் இருக்கும் கரை இந்தப் பக்கம் என்று நகத்தால் கீறிக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். கடுக்காயை வாங்கித் தம் ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு சொன்னார்: "நாக்குல வெச்சுப் பாருடான்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்தவன் நான். முழுங்குடான்னு சொன்னவனும் நான். என் கையால குடுத்த மாதிரி ஆயிடுச்சி."

அதுதான் நான் சொல்லவேண்டிய நேரம். 'மரத்தைக் காட்டியவன் நான்' என்ற மூன்று சொற்கள் போதும்.

"உங்க தப்பு இல்லீங்க பாய்" என்றேன்.

"ஆறுதலுக்குச் சொல்றீங்க."

உண்மையைத்தான் சொன்னேன். காரணத்தை மறைத்ததால் அது ஆறுதலாகிவிட்டது.

முப்பது ஆண்டுகள்

அன்று முதல் அவர் தொட்டி நீரை நாக்கில் வைக்கவில்லை. என்னை அழைத்து, குப்பியைக் கொண்டு பார்க்கும் வேலைக்கு வரச் சொன்னார். வேலூர் ஆசிரியர் பணியை விட்டுவிட்டுச் சேர்ந்தேன். அன்வர் நின்று நாக்கு நீட்டியிருக்கவேண்டிய இடத்தில் நான் குழாயும் கையுமாக நின்றேன்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து வந்ததும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைப்பார். "அந்தக் கடல் எப்டி இருந்துச்சு?" என்பார். சொல்வேன். "நல்லா சாப்டானா?" சொல்வேன். "மீனு எவ்ளோ பெருசு?" கையை விரித்துக் காட்டுவேன். ஆனால் பந்தயத்தை நீக்கிவிட்டுச் சொல்லவேண்டியிருந்தது. அதை நீக்கியவுடன் அவனுடைய சிரிப்பும் கேலியும் நீட்டிய காலும் சேர்ந்து நீங்கிவிட்டன. ஏழு துறைகளும் வெறும் ஊர்ப் பெயர்களாக மிஞ்சின. என்னைக் காத்துக்கொள்ள, அவனுடைய மிகச் சிறந்த நாட்களை அவன் தகப்பனாரிடமிருந்து ஒளித்துவைத்தேன் என்பது எனக்கு வெகுகாலம் உறைக்கவில்லை.

இந்த ஆண்டு அவர் படுக்கையில் விழுந்தார். அறிவு தெளிவாக இருந்தது. ஒரு முற்பகலில், வீட்டுப் பெண் ஒருத்தி கஞ்சி கொடுத்துவிட்டுப் போன பின், சொல்லிவிட்டேன்.

"பாய், அந்த மரத்தக் காட்டினது நான். துறைக்குத் துறை பந்தயம் வெச்சதும் நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். "தெரியும்" என்றார்.

எனக்குக் கேட்டது சரிதானா என்று தெரியவில்லை.

"வழில எங்கியோ கடுதாசி போட்டிருந்தான். நீங்க மரத்தக் காட்டுறீங்க, அவன் ருசி பாக்குறான், தோத்தவன் மீனு ஆயணும்னு. நீங்க ஊரு வந்து சேர்றதுக்கு முன்னாடியே வந்திடுச்சி."

"ஒரு நாளும் கேக்கலியே பாய்?"

"கேட்டிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க? தலைய குனிஞ்சிக்கிணு வேலூருக்கே போய்ட்டிருப்பீங்க. அவன கடைசியா பாத்த கண்ணு உங்களுது. அத நான் ஊர வுட்டு அனுப்பிடுவேனா?"

சற்று இளைப்பாறினார்.

"எம்மேலயும் இருக்கு, உங்க மேலயும் இருக்கு. அல்லா கணக்குப் பாத்துக்குவான். நீங்க பந்தயத்தச் சொல்லுங்க. யாரு ஜாஸ்தி ஜெயிச்சது?"

"அவன்தான் பாய்."

அவர் சிரித்தார். முப்பது ஆண்டுகளில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. அது அன்வரின் சிரிப்பு.

"ஒரு நாளைக்கு ஒரு ஊரு போதும். ஜாஸ்தி கேட்டா மூச்சு வாங்குது" என்றார்.

ஒவ்வொரு முற்பகலும் சென்றேன். மரத்தை, நாக்கை, குப்பியை, யார் மீன் ஆய்ந்தார் என்பதை, அவன் என்ன சொல்லி என்னைக் கேலி செய்தான் என்பதை, ஒன்றும் விடாமல் சொன்னேன். ஐந்து நாட்களில் ஐந்து துறைகளை முடித்தேன். ஆறாம் நாள் நான் போனபோது வாசலில் செருப்புகள் குவிந்துகிடந்தன.

ஆறாம் துறை

அவருக்குச் சொல்லாமல் நின்றுபோனதை இங்கே எழுதுகிறேன். வேறு எங்கே எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

அன்று பந்தயம் முடிந்து, நான் தோற்று, படகு மீண்டும் கரையோரம் போய்க்கொண்டிருந்தது. தூண்டில் அன்வரின் கையில் இருந்தது. திடீரென்று சக்கரம் சுழன்றது. நூறு கஜத்துக்கு அப்பால் கடல் பிளந்து ஒரு மயில் மீன் எழும்பிற்று. முதுகில் விரித்த தோகை, ஈட்டி போன்ற மூக்கு. வானத்தில் ஒரு கணம் வாலால் நின்றது.

"வுடாத தம்பி! வுடாத!" என்று முனிசாமி கூவினார். துரை இருக்கையின்மேல் ஏறி நின்றார். அன்வரின் உள்ளங்கை கிழிந்து நூலில் இரத்தம் ஏறிற்று. முக்கால் மணி நேரம் போராடி அதைப் படகின் அருகே கொண்டுவந்தான். முனிசாமி கொக்கியை நீட்டினார்.

அன்வர் குனிந்து அதன் பக்கவாட்டைத் தடவினான். கருநீலமும் ஊதாவும் தாமிரமும் அந்தத் தோலுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. நீரைவிட்டுச் சற்றே தூக்கியதும் நிறம் மங்கத் தொடங்கிற்று. தோலைப் பார்க்கத் தெரிந்த கண் அதை உடனே கண்டுகொண்டது.

"வேணாம்ணே, வுட்டுடுங்க, வுட்டுடுங்க. செத்தா கலர் போய்டும்."

துரை ஆட்சேபித்தார். அன்வர் தானே கத்தியை எடுத்து நூலை அறுத்தான். மீன் ஒரு நொடி அசையாமல் கிடந்தது. பிறகு நிறம் முழுவதும் திரும்பி வந்தது. வாலை ஒரு முறை வீசி ஆழத்துக்குள் இறங்கிற்று.

கிழிந்த கையைக் கடல் நீரில் நனைத்துக்கொண்டே அவன் என் பக்கம் திரும்பினான்.

"எந்தத் தொட்டிலயும் அந்த நெறம் வராது வாத்தியாரே. பாவாகிட்ட சொன்னா நம்ப மாட்டாரு. நீதான் சொல்லணும்."

"சொல்கிறேன்" என்றேன்.